திரை தெளிஞ்சிடுச்சு, தாள்தான் தெளியலை

விவசாயிக்கு எதுக்கு இவ்வளவு துல்லியமான திரை? சென்னை, பெங்களூர்ல வேலை பார்க்கிற நண்பர்கள் பல பேர் என்கிட்ட கேட்ட கேள்வி இது. நக்கலா இல்லை, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறாங்க. பெரிய பொத்தான், பெரிய படம், பேசினா பதில் சொல்ற ஒரு குரல், இவ்வளவு இருந்தா கிராமத்துக்குப் போதும்னு அவங்க நினைப்பு.

என் பதில் வேற. கைக்கு அடக்கமான கம்ப்யூட்டர் ஒண்ணு விவசாயி கைக்கு வருதுன்னா, முதல்ல பார்க்க வேண்டியது அதோட திரை எவ்வளவு நுணுக்கமா காட்டுதுங்கிறதைத்தான். வேகம், விலை, கேமரா எல்லாம் அப்புறம். காரணம் சினிமா இல்லை. நிலம்.

நான் இருப்பது நெய்வேலி நகரியத்துக்குப் பக்கத்துக் கிராமம். முந்திரிக் கொல்லை, வரப்பு ஓரத்தில் பலா, மழை பார்த்து மல்லாட்டை, போர் தண்ணியில் கொஞ்சம் நெல்லு. நகரியத்தைப் பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். வட்டம் வட்டமா நம்பர் போட்டுப் பிரிச்ச ஊர் அது. நேர்கோட்டுச் சாலை, ரெண்டு பக்கமும் நிழல் மரம், வரிசையா குவார்ட்டர்ஸ். 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்துக்கு வந்தது. அதுக்கு முன்னாடி அங்கே இருந்ததும் எங்க ஊர் மாதிரி ஊர்கள்தான். எங்க பக்கத்துப் பெரியவங்க சில பேர், இப்ப ஊரே இல்லாத இடத்தையும் பழைய ஊர்ப் பேரைச் சொல்லித்தான் காட்டுவாங்க.

காலுக்கு அடியில் நிலக்கரி இருக்கிற பக்கத்தில் பொறந்தவனுக்குப் பட்டாவும் புலப்படமும் வெறும் காகிதம் இல்லை. எந்தப் புல எண் எந்த அறிவிப்பில் வருதுங்கிறதில்தான் குடும்பமே நிக்குது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற வயலில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கினதை டிவியில் நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த வழக்கை நான் இங்கே பேச வரலை. நிலத்துக் காகிதத்தில் இருக்கிற ஒரு சின்ன எண் இங்கே எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியணும், அதுக்காகச் சொன்னேன்.

இப்ப கருவிக்கு வர்றேன்.

2010-ல் எனக்கு ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர் கிடைச்சது. நகரியத்தில் குடியிருந்த இன்ஜினியர் சார் ஒருத்தர், சீசனுக்கு எங்ககிட்டதான் முந்திரிப் பருப்பு வாங்குவார். ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது, "இது உனக்கு உபயோகப்படுமா பாருப்பா"ன்னு எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன்னுட்டார். ரெண்டு கிலோ பருப்பும் ஒரு பலாப்பழமும் கொடுத்தேன். 2004 வாக்கில் வந்த ரகம் அது. சிம் போட இடமே கிடையாது, அதனால போன் இல்லை. கம்பெனிப் பேர் வேண்டாம். இது விளம்பரமும் இல்லை, புகாரும் இல்லை.

நாலு அங்குலத் திரை. அதில் 640-க்கு 480 புள்ளிகள். அந்த நாள்ல இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் மூணரை அங்குலத்தில் 320-க்கு 240 புள்ளிதான் வச்சிருக்கும். கணக்குப் போட்டா அதில் அங்குலத்துக்கு 114 புள்ளி, என்னுதில் 200. வாசல்ல போடற புள்ளிக் கோலத்தை நினைச்சுக்குங்க. அஞ்சு புள்ளியில் தாமரை போட்டா, தாமரைன்னு சொன்னாத்தான் தெரியும். இருபது புள்ளியில் போட்டா இதழை எண்ணலாம்.

இங்கிலீஷ் படிக்க 114 புள்ளியே போதும்னு அப்ப சொன்னாங்க. இருக்கலாம். தமிழுக்குப் போதாது. ன-வுக்கு ரெண்டு சுழி, ண-வுக்கு மூணு சுழி. புள்ளி பத்தாத திரையில் சின்ன எழுத்தா வந்தா ரெண்டும் ஒரே கறுப்புத் திட்டு. கெ, கே ரெண்டுக்கும் வித்தியாசம் கொம்பின் வளைவில்தான் இருக்கு. க-வுக்கும் க்-குக்கும் நடுவுல ஒரே ஒரு புள்ளி. கதைன்னா முன்பின் பார்த்து ஊகிச்சுப் படிச்சிடலாம். பட்டாவை ஊகிச்சுப் படிக்க முடியாது. அதுவும் எண்ணாக இருந்தா சுத்தம். 118/6 என்கிற உட்பிரிவு மங்கலான திரையில் 118/8 மாதிரி தெரியும். 6-க்கும் 8-க்கும் நடுவுல இருக்கிறது ஒரு சின்ன வளைவு. நிலத்தில் அது ஒருத்தர் கிணறு, இன்னொருத்தர் கிணறு.

அந்தக் கருவிக்குத் தமிழ் அரைகுறையாத்தான் தெரியும். யூனிகோடில் எழுதினதைக் காட்டினா "கொ" மாதிரி எழுத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சுப் போடும். மதுரைத் திட்டத்தில் திஸ்கி முறையில் இருந்த நூல்களை அதுக்கான எழுத்துருவை ஏத்திப் படிச்சேன், அது நல்லா வந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டதே 2010 ஜூன்லதான். அதுக்கு முன்னாடி ஆபீசுக்கு ஒரு எழுத்துரு, டிடிபி சென்டருக்கு ஒரு எழுத்துரு. அதனால காகிதங்களை எழுத்தா வைக்காம படமாவே வச்சுக்கிட்டேன். நகரியத்து மெயின் பஜார் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, எங்க பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம், தாலுகா ஆபீசில் வாங்கின புலப்பட நகல் எல்லாத்தையும் அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கில் ஸ்கேன் பண்ணி மெமரி கார்டில் போட்டேன். அந்தக் கணக்கில் ஒரு ஏ4 தாள் 2480-க்கு 3508 புள்ளி வரும். திரையில் ஒரேயடியா அடங்காதுதான். நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். நான் போறது தெரிஞ்சு பங்காளிங்களும் தங்களோடதைக் கொடுத்துவிட்டாங்க. மொத்தம் பத்துப் பதினோரு குடும்பத்துக் காகிதம் சேர்ந்துபோச்சு.

அது எவ்வளவு பெரிய சொத்துன்னு தெரிய ரொம்ப நாள் ஆகலை. 2011 டிசம்பர் 30 விடிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல தானே புயல் கரையேறினது. எங்க பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாஞ்சு கிடந்தது. தாத்தா நட்ட மரங்க. ஓட்டு வீடு, கூரை வீடுன்னு மேல பறந்துபோச்சு. பரண் மேல தகரப் பெட்டியில் வச்சிருந்த பத்திரம் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவங்க கேட்டது சர்வே நம்பர், பட்டா நம்பர், பரப்பு.

டிராக்டர் பேட்டரியில் வண்டிச் சார்ஜரை மாட்டி அந்தக் கம்ப்யூட்டரை உசுரோட வச்சிருந்தேன். டவர் இல்லாம எல்லார் செல்போனும் செத்துக் கிடந்தப்ப, அதுக்கு டவரே தேவைப்படலை. விழுந்து கிடந்த மரத்து மேல உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண்ணை விரிச்சுக் காட்டினேன். அவங்களே பார்த்து எழுதிக்கிட்டாங்க. "நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்"னு ஒருத்தரும் சொல்லலை என்பதைக் கவனிங்க. தன் கண்ணால பார்க்கணும்னு எல்லாருக்கும் இருந்தது. 200 புள்ளித் திரை அதுக்கு வழி விட்டது.

அதைவிட எனக்கு முக்கியமான சம்பவம் ஒண்ணு அதுக்கு அடுத்த வருஷம் நடந்தது. எங்க பெரியப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். அவர் நிலத்துப் புலப்படத்தைத் திரையில் விரிச்சுக் கொடுத்தேன். குச்சியால மெதுவா நகர்த்திக்கிட்டே போனவர் ஒரு இடத்தில் நின்னார். "தெக்கால மூலையில் இந்தக் கோணல் இருக்குல்ல, அது எங்க அப்பன் காலத்துல ஓடை திரும்புற இடம்டா. அது சரியா இருக்கு. ஆனா இந்தக் கோடு ஏன் கிணத்துக்கு இந்தாண்டை வருது?"

பெரிசு பண்ணிப் பார்த்தேன். உட்பிரிவுக் கோடு கிணத்துக்குக் கிழக்கே போகணும். படத்தில் மேற்கே போயிருந்தது. அதாவது வரப்புப்படி கிணறு அவருது, வரைபடப்படி பக்கத்து உட்பிரிவுக்காரருது. அதே படத்தோட நகல் அவர் வீட்டில் இருபது வருஷமா இருந்தது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது. அதில் கோடு எது அழுக்கு எதுன்னே தெரியாது. பக்கத்துக்காரர் நல்ல மனுஷர், அவரும் கூட வந்து மனுவில் கையெழுத்துப் போட்டார். அளந்து சரி பண்ணி வாங்க ஒன்றரை வருஷம் ஆச்சு. அவர் இருக்கும்போதே அது முடிஞ்சது. அடுத்த தலைமுறைக்குப் போயிருந்தா ரெண்டு வீடும் கோர்ட்டில்தான் நின்னிருக்கும்.

இந்த இடத்தில்தான் நகரத்து நண்பர்களோட எனக்குக் கருத்து வேறுபாடு வருது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் துல்லியமான திரை வேண்டாம், குரல் போதும்னு நீங்க நினைக்கிறீங்க. நான் கண்டது நேர் எதிர். எழுத்துத் தெரியாதவருக்குத்தான் அது அதிகமாத் தேவை. அவருக்கு எழுத்து தெரியாது, ஆனா கோணல் தெரியும், கிணறு தெரியும், ஓடை திரும்புற இடம் தெரியும். மங்கலாக் காட்டினா அவருக்கு இருக்கிற ஒரே படிப்பும் போயிடும்.

இந்தக் "குரல் போதும்" எண்ணம் இன்னைக்கு வந்தது இல்லை. நல்ல மனசோட வந்த எண்ணம்தான். சிம்ப்யூட்டர்னு ஒண்ணு ஞாபகம் இருக்கா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் நாலு பேரும் என்கோர் நிறுவனத்து இன்ஜினியர்கள் மூணு பேரும் சேர்ந்து, இந்தியக் கிராமத்து மனுஷனுக்காகவே யோசிச்ச கையடக்கக் கம்ப்யூட்டர். 1999-ல் அதுக்கு ஒரு அறக்கட்டளை வச்சாங்க, 2001 ஏப்ரலில் மாதிரியைக் காட்டினாங்க. 9,000 ரூபாய் வாக்கில் கொடுக்கணும்னு திட்டம். உலகப் பத்திரிகை எல்லாம் பாராட்டி எழுதினது. 2004-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் மூலமா அமிடா என்கிற பேரில் சந்தைக்கு வந்தது.

அதில் ரெண்டு யோசனை இன்னைக்கும் எனக்குப் பிடிக்கும். ஒண்ணு, ஸ்மார்ட் கார்டு. ஊருக்கு ஒரு கருவி இருந்தாப் போதும், ஆளுக்கு ஒரு கார்டு. கார்டைச் சொருகினா உன் விவரம், எடுத்தா அடுத்தவருக்கு. தானே புயல் சமயத்தில் நான் பதினோரு வீட்டுக் காகிதத்தை ஒரே கருவியில் வச்சிருந்தேனே, அதையே அவங்க ஒழுங்கு முறையா யோசிச்சிருந்தாங்க. ரெண்டாவது, சாதாரண பென்சில் பேட்டரியில் ஓடும். கரண்ட் போற ஊருக்கு ஏத்த யோசனை.

திரையை மட்டும் பாருங்க. முதல் மாதிரியில் 320-க்கு 240 புள்ளி, கறுப்பு வெள்ளை. எழுத்தை இந்திய மொழிகளில் வாசிச்சுக் காட்டுற வசதியைப் பெருசா நம்பினாங்க. கிராமத்தான் கேட்பான், பார்க்கத் தேவையில்லைங்கிற கணக்கு. விற்பனை சில ஆயிரத்தோட நின்னுபோச்சு. அதுக்குத் திரைதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். விலை இருந்தது, செல்போன் வேற அதுக்குள்ள வந்துடுச்சு. ஆனா எங்களுக்காகச் செஞ்ச கருவி எங்க கைக்கு வரலை, யாருக்காகவோ செஞ்ச செல்போன் எங்க எல்லார் கைக்கும் வந்திருக்கு. இது யோசிக்க வேண்டிய விஷயம். கர்நாடகாவில் நிலப் பதிவு வேலைக்கு சிம்ப்யூட்டரைப் பயன்படுத்தினாங்க. அரசாங்கத்து ஆள் கையில் இருந்தது. நிலத்துக்காரன் கையில் இல்லை.

குரலில் இன்னொரு சங்கடமும் இருக்கு, உங்களுக்குத் தோணியிருக்காது. குரல்னா ஊருக்கே கேட்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தர் போனை அமுக்க, "உங்கள் நகைக்கடன் தவணை..."ன்னு அது கத்தினா அவர் முகம் என்ன ஆகும்? எங்க ஊரில் தனி அறை யாருக்கு இருக்கு? நாலு பேர் நடுவுல வாயைத் திறக்காம படிச்சுக்கிறதுதான் எங்களுக்கு இருக்கிற ரகசியம். எழுத்து அதைக் கொடுக்குது. அப்புறம், வாசிச்சுச் சொல்றவர் சொல்றதுதான் காகிதத்தில் இருக்குன்னு நம்பின காலம் எங்க பக்கம் ரொம்ப நீளமா இருந்தது. படிக்கத் தெரிஞ்சவர் ஊருக்கு ஒருத்தர், அவர் சொன்னதுக்குக் கீழே எல்லாரும் கைநாட்டு. அதே இடத்தில் இப்ப ஒரு போனை உட்கார வச்சு, "நான் வாசிக்கிறேன், நீ நம்பு"ன்னா எனக்கு மனசு ஒப்பலை. குரல் வேண்டாங்கலை. கூடவே அந்த எழுத்தையும் கண்ணுக்குக் காட்டு, விரலை வச்சு ஒப்பிட்டுப் பார்த்துக்கிறோம்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் 2016 வரைக்கும் உழைச்சது. பேட்டரி உப்பிப் போய், மாத்து பேட்டரி கிடைக்காம ஓய்ஞ்சது. இப்ப என்கிட்ட இருக்கிறது எல்லாரையும் போல ஒரு ஸ்மார்ட்போன். 6.6 அங்குலம், 2400-க்கு 1080 புள்ளி, அங்குலத்துக்குச் சுமார் 400. பழசுக்கு ரெண்டு மடங்கு. தமிழ் எழுத்து கோயில் கல்வெட்டுல வெட்டின மாதிரி நிக்குது. "கொ"-வைப் பிரிக்கிறது இல்லை. 114 புள்ளியில் திட்டாத் தெரிஞ்ச மூணு சுழி இப்ப மூணு சுழிதான்.

ரெண்டையும் வச்சிருந்தவன் என்கிற முறையில் ஒப்பிட்டுச் சொல்லிடறேன். வாங்கப் போறவங்களுக்கு உபயோகப்படலாம்.

வெயிலில் பழசு ஜெயிக்கும். அதோட திரை வெளிச்சத்தை வாங்கித் திருப்பி விடுற வகை. மத்தியான வெயில்ல வரப்பு மேல நின்னே படிக்கலாம். புதுசை எடுத்துக்கிட்டு முந்திரி நிழலைத் தேடி ஓடணும். நிழலுக்குப் போனாலும் திரையில் முதல்ல தெரியுறது என் மூஞ்சிதான்.

விரலிலும் பழசுதான். அது அழுத்தினா வேலை செய்யுற திரை. குச்சியோ, நகமோ, வேலிமுள்ளோ போதும். சேத்துக் கையோடயே அழுத்தலாம். புதுசு தோலைத் தொட்டு உணர்ற வகை. கை ஈரமா இருந்தா தாறுமாறா ஓடுது. காப்புக் காய்ச்ச விரலைச் சில சமயம் ஆள்னே மதிக்கிறது இல்லை. கைரேகை வச்சுத் திறக்கிறது எங்க பக்கம் பாதிப் பேருக்கு ஒத்து வராது. முந்திரிக்கொட்டை உடைக்கிற பொம்பளைங்களுக்கு ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு ரேகையே இருக்காது. பலாப் பால் ஒட்டின திரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சா போகும், இது ரெண்டுக்கும் பொது.

கேமராவில் புதுசு எங்கேயோ இருக்கு. முந்திரி துளிர் விட்டுப் பூக்கிற நேரத்தில் தேயிலைக் கொசு வந்து சாறு உறிஞ்சும். துளிரிலும் பூங்கொத்திலும் கறுப்பா ஒரு வடு விழும், அப்புறம் கொத்தே கருகும். பூஞ்சாணத்தால கருகினாலும் தூரத்துப் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ரெண்டுக்கும் மருந்து வேற. கிட்ட வச்சுப் படம் எடுத்து, பெரிசு பண்ணி, குத்தின வடுவைப் பார்த்தா என்னன்னு புரிஞ்சிடும். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு மட்டையை ஒடிச்சு எடுத்துக்கிட்டு பஸ் ஏறின காலம் போய், படத்தைக் காட்டியே கேட்டுக்கிறோம். தப்பு மருந்து ஒரு டேங்க் மிச்சமானா அதுவே லாபம்.

ஆக, திரை ஜெயிச்சிடுச்சு. இப்ப பிரச்சினை வேற பக்கம் வந்து உட்கார்ந்திருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

திரை 400 புள்ளிக்கு வந்துட்டுது. அதில் வந்து விழுற காகிதம் இன்னும் 114-லயே இருக்கு. ஒரு அலுவலகத்திலிருந்து எங்க பக்கத்துக்கு வந்த அறிவிப்பு ஒண்ணைப் போன வருஷம் பார்த்தேன். பக்கம் பக்கமா புல எண்கள். அச்சடிச்ச தாளை யாரோ மேசை மேல வச்சு, நிழல் விழ, சாய்ஞ்சாப்புல போன்ல படம் எடுத்து ஏத்தியிருந்தாங்க. அது வாட்ஸ்அப்பில் பத்து கை மாறி வந்தப்ப ஒரு எண்ணும் தெரியலை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், அதில் தெளிவு தேயும். ஊரே அந்தப் படத்தை விரலால விரிச்சு விரிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தது. 16 ஆயிரம் ரூபாய் போன் கையில், அதில் இருக்கிறது 6-ஆ 8-ஆன்னு தெரியாம ரெண்டு ராத்திரி தூங்காம இருந்த குடும்பம் எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு பையன் பைக்கில் போய், ஒட்டியிருந்த தாளை நேர்ல பார்த்துட்டு வந்து சொன்னான். அது அவங்க எண் இல்லை. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடியும் அதே வழிதான், சைக்கிளுக்குப் பதிலா பைக்.

நல்லதும் நடந்திருக்கு, அதையும் சொல்லணும். தமிழ்நாடு அரசோட இணையச் சேவையில் இப்ப பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் வீட்டிலிருந்தே எடுக்கலாம். புலப்படமும் வருது. எழுத்து எழுத்தாவே வருது, தேடலாம், பெரிசு பண்ணலாம், உடையாது. 2018-ல் வந்த உழவன் செயலியில் மானியம், விலை நிலவரம் எல்லாம் தமிழ் எழுத்தில் படிக்க முடியுது. இப்படிச் செய்யத் தெரிஞ்ச அரசாங்கம், அறிவிப்பை மட்டும் ஏன் நிழல் விழுந்த போட்டோவாப் போடணும்? மக்களுக்குச் சொல்லியாச்சுன்னு பதிவேட்டில் எழுதிக்க அது போதும். மக்கள் படிச்சாங்களான்னு கேட்டா போதாது.

அளவிலும் இதே கதை. பட்டாவில் ஹெக்டேர், ஏர். பத்திரத்தில் ஏக்கர், சென்ட். எங்க பெரியவங்க மனசில் காணி. எங்க பக்கத்துக் கணக்கில் ஒரு காணி 1.32 ஏக்கர், அதாவது பட்டாவில் ஏறக்குறைய 53 ஏர். ஒரே நிலத்துக்கு மூணு பாஷை. இதைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுறது எந்தச் செயலிக்கும் அஞ்சு நிமிஷ வேலை. நான் பார்த்த எதிலும் காணி இல்லை. பெரியப்பாவுக்கு "0.53.5"னு காட்டினா ஒண்ணும் தோணாது. "ஒரு காணி"ன்னு எழுதியிருந்தா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

இதைப் படிக்கிறவங்களில் பல பேர் மென்பொருள் எழுதுற வேலையில் இருக்கீங்க. எங்களுக்காகன்னு ஏதாவது செய்யும்போது, "கிராமம்தானே, சுலபமா வை"ன்னு தகவலைக் குறைச்சுக் கொடுக்காதீங்க. முழுசையும் கொடுங்க, தெளிவாக் கொடுங்க. பெரிசு பண்ண விடுங்க. போன் பார்க்க மாட்டாங்கன்னு நினைக்கிற கிழவர்தான், படத்தில் கோடு கிணத்துக்கு எந்தப் பக்கம் போகுதுன்னு கண்டுபிடிப்பார். வெயிலில் படிக்க வெள்ளையில் கறுப்பு எழுத்து, கொஞ்சம் தடிச்ச எழுத்துரு. டவர் இல்லாதப்பவும் ஒரு தடவை எடுத்த காகிதம் போன்லயே இருக்கணும். இவ்வளவுதான் கேட்கிறோம்.

மத்தவங்களுக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்கல்ல, அப்பா அம்மாவோட தகரப் பெட்டியைத் திறங்க. பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கம் எல்லாத்தையும் 300 புள்ளியில் ஸ்கேன் பண்ணுங்க. கடையில் பண்ணினா வெளிச்சமும் நேரும் சரியா இருக்கும். போன்ல எடுத்தா பகல் வெளிச்சத்தில், தாளை நேர் மேலிருந்து எடுங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமா அனுப்பாதீங்க, டாக்குமென்டா அனுப்புங்க, அப்பத்தான் சுருக்காது. ஒரு பிரதி உங்க போனில், ஒண்ணு அப்பா போனில், ஒண்ணு மெமரி கார்டில்.

அப்புறம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தை மெதுவா விரிச்சுக் காட்டுங்க. "இது நம்மதா, சரியா இருக்கா"ன்னு கேளுங்க. வாசிச்சுச் சொல்ல அவசரப்படாதீங்க. அவர் கையில் கொடுத்துட்டுச் சும்மா இருங்க. எந்த மூலையில் அவர் விரல் நிக்குதுன்னு மட்டும் பாருங்க.